பலகைக்கு மேற்கே

கிரேஸ் லாண்டிங்
1987 அக்டோபர் 25

அன்புள்ள மாமாவுக்கு,

வெண்டெல் எழுதுவது. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? ஏணியில் ஏறாமல் அறுவடையை முடித்தீர்களா?

மாமா என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். மேரிட் இல்லாமல் அந்தச் சொல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று தெரியவில்லை. வேறு சொல்லும் என்னிடம் இல்லை.

அவளை அடக்கம் செய்த மறுநாள் காலை நீங்கள் கிளம்பியபோது நான் வாசலுக்கு வந்து வழியனுப்பவில்லை. மன்னிக்க வேண்டும். மலைக் கணவாயில் பனி இருந்ததா? செப்டம்பரில் இருக்காது. இருந்தாலும் கேட்கிறேன்.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டேன். எட்டாம் வகுப்புக்கு உயிரியல். நான் நுழைந்ததும் பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். முதல் நாள் என் மேசைமேல் யாரோ ஒரு பேரிக்காய் வைத்திருந்தார்கள். ஆப்பிள் இல்லை. யோசித்திருக்கிறார்கள்.

பின்பக்கத்து ஆப்பிள் மரம் இலை கொட்டுகிறது. எங்கள் கல்யாணத்துக்கு உங்கள் வாசல் மரத்திலிருந்து வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தீர்களே, அந்த ஒட்டுக்குச்சிதான். இப்போது கூரையைத் தொடுகிறது.

இன்னொன்று. பின்வாசல் படியில் ஒரு நீல வாளி நிறைய அந்த மரத்துப் பழம் இருந்தது. வாளியோடு காணவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்திருக்கலாம். நான் தேடவில்லை.

குளிருக்குமுன் விறகு சேர்த்துவிடுங்கள். ஒரு வரியாவது எழுதுங்கள்.

உங்கள்
வெண்டெல்


சில்வர்பெண்ட்
1987 நவம்பர் 22

அன்புள்ள வெண்டெல்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா? டப்பா சூப்பைக் கேட்கவில்லை.

மாமா என்றே எழுது.

கணவாயில் பனி இல்லை.

அறுவடை முடிந்தது. நான் அங்கே இருந்த நான்கு நாளும் யூசெபியோதான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். எட்டு வருடமாகப் பழம் பறிக்க வருகிறவர், உனக்குத் தெரியும். நான் திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"மரத்துக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன், முதலாளி."

"என்னன்னு?"

"இந்த வாரம் அவரத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு."

அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் பழம் பறிக்கப் போய்விட்டார்.

உன் மரத்தடியில் விழுந்துகிடப்பதை அள்ளிவிட்டாயா? நீ வாத்தியார், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். உங்கள் பக்கத்து ஆப்பிளில் பழ ஈ இருக்கிறது. பழத்துக்குள் முட்டை. முட்டையிலிருந்து புழு. பழம் விழுந்து நைந்ததும் புழு வெளியே வந்து மண்ணுக்குள் இரண்டு விரற்கடை இறங்கிக் கூடு கட்டிக்கொள்ளும். குளிர்காலம் முழுக்கத் தூக்கம். அடுத்த கோடையில் ஈயாக எழுந்து வரும். அதனால் விழுந்ததை அள்ளிக் கொதிக்க வை. புதைக்காதே. நிறையப் பேர் புதைக்கிறார்கள்.

மலைக்குக் கிழக்கே எங்கள் பள்ளத்தாக்குக்கு அது இன்னும் வரவில்லை. வந்தால் இங்கே யாரும் வெளிநாட்டுக்கு ஒரு பெட்டி அனுப்ப முடியாது. ஒருவன் காரில் ஒரு பை வீட்டுப் பழம் ஏறி வந்தால் போதும். அதற்காகத்தான் வீட்டுப் பழம் கொண்டுவராதே என்று கணவாயில் அந்தப் பலகை.

வேறு விசேஷம் இல்லை. கழுத்துக்குத் துணி கட்டிக்கொண்டு வெளியே போ.

ஆர்விட்


கிரேஸ் லாண்டிங்
1988 ஜனவரி 17

அன்புள்ள மாமாவுக்கு,

சளி பிடித்து விட்டுவிட்டது. உங்களுக்குப் பனி அதிகம் என்று வானொலியில் சொன்னார்கள். கூரை தாங்குகிறதா?

பலகையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்று. ஒவ்வொரு நவம்பரும் நன்றிநாள் விருந்துக்கு நாங்கள் உங்கள் வீட்டுக்கு வரும்போது, அந்தப் பலகையிடம் மேரிட் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாள். "பாத்துக்கோ, ஒண்ணும் இல்ல." காருக்குள் இருந்தே. ஏழு வருடமும். எண்பத்து மூன்றைத் தவிர.

அந்த வருடம் மரம் முதல்முறை காய்த்தது. ஆறு பழம். காலுறைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தாள். உங்கள் சமையலறை மேசையில் வரிசையாக வைத்தாள். எனக்கு அந்தப் பேச்சு அப்படியே இருக்கிறது.

"எங்கிருந்து இது?"

"உங்க மரம்தான்ப்பா. மலையத் தாண்டிப் போயி திரும்பி வந்திருக்கு."

"பலகையப் பாத்தியா இல்லியா?"

"ஒரே ஒரு கடி. எல்லாத்தையும் நானே அறுத்துப் பாத்து வெச்சிருக்கேன்."

"அறுத்துப் பாத்தா முழுசா எப்படி இருக்கும்? எங்கிட்டயே கதை விடுற."

நீங்கள் விறகு அடுப்பின் மூடியைத் திறந்து ஆறையும் போட்டீர்கள். அவள் சிரித்தாள். "பூச்சி வாரியத்துத் தலைவர் வீட்டுல பொறந்தது என் தப்பு." விருந்து முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். திரும்பி வரும் வழியில் கணவாய் தாண்டும்வரை பேசவில்லை.

நான் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அந்த ஆறு பழத்தை நினைவு வைத்திருக்கிற இன்னொரு ஆள் உலகத்தில் நீங்கள் மட்டும்தான்.

இன்னொன்று கேட்க வேண்டும். ஆகஸ்டில் அவள் உங்களுக்கு ஃபோன் செய்தாள். மருத்துவர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்ன மறுநாள். பேசி முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். "அப்பா என்ன சொன்னார்?" என்றேன். "பாக்கலாம்ன்னார்." அவள் என்ன கேட்டாள் என்று எனக்குச் சொல்லவில்லை. உங்களுக்கு நினைவிருக்கிறதா?

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

வெண்டெல்


சில்வர்பெண்ட்
1988 மார்ச் 13

அன்புள்ள வெண்டெல்,

கூரை தாங்கியது. நான் சௌக்கியம். சளிக்குப் பிறகு பல் மருத்துவரிடம் போனாயா, போகிறேன் என்றிருந்தாய்.

கவாத்து நடக்கிறது. பாதித் தோட்டம் முடிந்தது. கையில் ரம்பம் இருந்தால் நாள் போவது தெரிவதில்லை.

அந்த ஆறு பழம். அடுப்பில் தோல் வெடித்தது. இரண்டு நாள் வீடு முழுக்க மணம் போகவில்லை. அவள் மரத்துப் பழத்தின் மணம் எனக்குத் தெரியும். ருசி தெரியாது.

நான் செய்தது சரி. எண்பத்து ஐந்தில் பக்கத்துத் தோட்டத்து கிளெமின் வீட்டுக்குப் பின்னால் மருந்து அடிக்காமல் நின்ற இரண்டு மரத்தையும் வாரியத்தின் சார்பாக நான்தான் வெட்டவைத்தேன். அவன் பெண்டாட்டி நட்டது. ஊருக்கு ஒரு விதி, என் வீட்டுக்கு ஒரு விதி என்று இருக்க முடியாது.

ஆகஸ்டில் பேசியது அப்பனும் மகளும் பேசியது. அதை விடு.

நிலவறைக் கதவின் கீல் துருப்பிடித்துவிட்டது. மாற்ற வேண்டும். அங்கே கொஞ்சம் சுத்தம் செய்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

ஆர்விட்


கிரேஸ் லாண்டிங்
1988 ஜூன் 26

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? ஏப்ரலில் எழுதியதற்குப் பதில் இல்லை. செர்ரி வேலையில் இருப்பீர்கள். நான் நன்றாக இருக்கிறேன். பல் பிடுங்கியாகிவிட்டது.

இன்று மரத்தில் சிவப்புப் பந்துகளை மாட்டினேன். நீங்கள் வருடாவருடம் அவளுக்கு அனுப்பியவை. பசை தடவும்போது கை, முழங்கை, மூக்குக் கண்ணாடி எல்லாம் ஒட்டிக்கொண்டது. அவள் இருந்திருந்தால் என்னையும் மரத்தில் மாட்டியிருப்பாள். அந்த உருண்டைதான் இருப்பதிலேயே நல்ல பழம் என்று நம்பி ஈ வந்து உட்காரும் என்று வகுப்பில் சொன்னேன். ஒரு பெண் கேட்டாள், "சார், அது சாகுறப்பகூட அதப் பழம்னுதான் நெனச்சுக்கிட்டிருக்குமா?"

இந்த ஈயைப் பற்றி இப்போது நிறையப் படிக்கிறேன். வேறு எதையும் படிக்க முடியவில்லை. இறக்கையில் கறுப்புப் பட்டைகள். இறக்கையை விரித்து அசைத்தால் சிலந்தியின் கால்கள் போல இருக்கும். எதிரிகள் ஒதுங்கிவிடும். அரிசியளவு உடம்பை வைத்துக்கொண்டு இவ்வளவு நடிப்பு.

இன்னொன்று. பெண் ஈ பழத்தில் முட்டையிட்டதும் உடனே பறந்துவிடாது. வயிற்றின் நுனியைப் பழத்தோலில் இழுத்துக்கொண்டே ஒரு சுற்று நடக்கும். ஒரு வாசனையைப் பூசிவிட்டுப் போகும். அடுத்து வருகிற ஈ அதை முகர்ந்துவிட்டு வேறு பழம் தேடும். இங்கே ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கிறது என்று அர்த்தம்.

மேரிட்டின் மேல்சட்டை இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. நான் அந்தக் கதவை முழுதாகத் திறப்பதில்லை.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

வெண்டெல்


சில்வர்பெண்ட்
1988 ஆகஸ்டு 28

அன்புள்ள வெண்டெல்,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நலம் இல்லை.

செவ்வாய்க்கிழமை என் வாசல் மரத்துச் சிவப்புப் பந்தில் ஒரு ஈ ஒட்டியிருந்தது. முதுகில் வெள்ளைப் புள்ளி. இறக்கையில் நீ எழுதிய பட்டைகள். நானே வாரியத்துக்குச் சொன்னேன். ஆய்வாளர் லோர்னா வந்தாள். பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் குனிந்திருந்தாள்.

"வேற ஏதாச்சும் ஈயா இருக்கணும்னு வேண்டிக்கிட்டே பாக்குறேன், ஆர்விட்."

"வேண்டினா றெக்கைக் கோடு மாறுதா?"

"மாறல."

பள்ளத்தாக்கில் இதுதான் முதல் ஈ. மறுநாள் பழக்கொட்டகையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். கிளெம் என்னைப் பார்த்தான். "எம் மரத்த வெட்டுனியே, ஈ அதத் தேடி வரல. ஒன் வாசலத் தேடி வந்திருக்கு." சொல்ல அவனுக்கு உரிமை உண்டு.

பிறகு அவன்தான் ஆரம்பித்தான். மேற்கே ஸ்ட்ராபெரி பறித்துவிட்டு இங்கே வருகிற ஆட்கள்தான் கொண்டுவந்திருப்பார்கள் என்று. யூசெபியோவின் வண்டியைத் திறக்கச் சொன்னார்கள். பின்பக்கம் அரை மூட்டை ஆப்பிள். மேற்கே யாரோ கொடுத்தது, பிள்ளைகளுக்காக வைத்திருந்தது. சுற்றி நின்றவர்களைப் பார்த்து யூசெபியோ சொன்னார்:

"என் வண்டில ஏறுற ஆளுங்க எல்லாரையும் எனக்குத் தெரியும். இந்த ஈ எங்கிட்ட லிஃப்ட் கேக்கல."

யாரும் சிரிக்கவில்லை. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாரியம் கூடப்போகிறது. அவரை இனி இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறார்கள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆர்விட்


கிரேஸ் லாண்டிங்
1988 செப்டம்பர் 4

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன். தைரியமாக இருங்கள். வேளைக்குத் தூங்குங்கள்.

ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். இந்த வருடத்து மூட்டையிலிருந்து இந்த வருடத்து ஈ வராது. புழு மண்ணுக்குள் போய் ஒரு குளிர்காலம் கழிய வேண்டும். ஆகஸ்டில் பறக்கிற ஈ, போன செப்டம்பரில் வந்த பழத்திலிருந்து வந்தது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

கொட்டகையில் நின்றவர்களுக்குக் கோபத்தில் தோன்றாமல் போயிருக்கலாம். உங்களுக்குத் தோன்றாமல் போகாது.

நீல வாளி இன்னும் கிடைக்கவில்லை.

உங்கள்
வெண்டெல்


சில்வர்பெண்ட்
1988 செப்டம்பர் 16

வெண்டெல்,

நான் இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

போன வருடமும் அவர்கள் மேற்கிலிருந்துதான் வந்திருப்பார்கள் என்று கிளெம் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். யூசெபியோ நேற்றுக் கிளம்பிவிட்டார். நான் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. வண்டியில் ஏறும்போது அவர் மனைவி ஒடிலியா குழந்தையின் தொப்பியை என் வேலியில் விட்டுவிட்டாள். எடுத்து வைத்திருக்கிறேன்.

வாளி பழையதுதானே. விட்டுவிடு.

திங்கட்கிழமை பத்தொன்பது. எனக்கு நினைவிருக்கிறது.

ஆர்விட்


கிரேஸ் லாண்டிங்
1988 செப்டம்பர் 21

அன்புள்ள மாமாவுக்கு,

பத்தொன்பதாம் தேதி கல்லறைக்குப் போய் வந்தேன். உங்கள் பெயரிலும் பூ வைத்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

போன வருடம் நீங்கள் கிளம்பிய காலையில் நான் வாசலுக்கு வராததற்குக் காரணம் உண்டு. மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். நீங்கள் பின்வாசலுக்குப் போனீர்கள். வாளியின் முன் நின்றீர்கள். கோட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்தினீர்கள். ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கினீர்கள்.

அந்தக் கோடையில் சிவப்புப் பந்துகளை மாட்ட வேண்டியது என் வேலை. மாட்டவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அதனால் அந்தப் பழங்களுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்கள் கையிலிருந்து அதை வாங்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு வருடமாகப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்திருக்கலாம் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன், நீங்களாகச் சொல்வீர்கள் என்று.

அவை எப்படி வாளிக்கு வந்தன என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். செப்டம்பர் முதல் வாரம். அவளால் நிற்க முடியாது. சமையலறை நாற்காலியை மரத்தடிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். உட்கார்ந்தபடியே கைக்கு எட்டியதைப் பறித்தாள். நாற்காலியை நகர்த்தினேன். மறுபடி பறித்தாள். மரத்தைச் சுற்றி முழுதாக ஒரு வட்டம். "யாருக்கு இவ்வளவு?" என்றேன். "எங்கப்பாவுக்கு." "அவர்தான் தொடமாட்டாரே." "வருவாரு பாரு."

யூசெபியோவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள் சொல்லவில்லை என்றால் நான் வாரியத்துக்கு எழுதுவேன் என்றும் மிரட்டமாட்டேன். பாதிப் பழி என்னுடையது. அதை மட்டும் எழுதிவிட வேண்டும் என்று இருந்தது.

வெண்டெல்


சில்வர்பெண்ட்
1988 அக்டோபர் 30

அன்புள்ள வெண்டெல்,

நலமாக இரு. பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது. முதலில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு எழுதுகிறேன்.

வாளியை முன் சீட்டில் வைத்தேன். சாயாமல் இருக்க பெல்ட் போட்டேன். அவள் சிறு பெண்ணாக உட்கார்ந்து வந்த பக்கம். கணவாயில் பலகை வந்தபோது இடது பக்கப் பாறைகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அந்தப் பலகையை அங்கே நட்டபோது கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன்.

சாப்பிட வேண்டும் என்றுதான் கொண்டுவந்தேன். முதல் பழத்தை வெட்டினேன். உள்ளே பழுப்புக் கோடுகள். புழு. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஏற்கெனவே ஒருமுறை அவள் பழத்தை அதில் போட்டவன் நான். இரண்டாம் முறை கை வரவில்லை. நிலவறையில் காகிதம் விரித்து வரிசையாக வைத்தேன். அங்கே மண்தரை. புழு காகிதத்தில் நிற்காது என்று இந்தப் பள்ளத்தாக்கில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை. தினமும் போய் ஒருமுறை பார்ப்பேன். அவ்வளவுதான். மார்ச்சில் சுருங்கிப்போனதை எடுத்து எரித்தேன். பழத்தில் ஓட்டைகள் இருந்தன. மண்ணில் ஒன்றும் தெரியவில்லை. மண்ணில் ஒன்றும் தெரியாது.

யூசெபியோவைப் பற்றி. போன வருடம் அவர்கள் மேற்கே போகவே இல்லை. ஜூனில் ஒடிலியாவுக்குப் பிரசவம். வசந்தத்திலிருந்து அறுவடை வரை என் தோட்டத்து வீட்டில்தான் இருந்தார்கள். கொட்டகையில் இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம் வரும். அதனால் சொல்லவில்லை.

அக்டோபர் மூன்றாம் தேதி வாரியக் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"அது யூசெபியோ இல்ல. நான்தான்."

"உக்காந்து பேசுங்க, ஆர்விட்," என்றாள் லோர்னா.

"நின்னுக்கிட்டே சொல்லிடுறேன்."

சொல்லி முடித்ததும் கிளெம் கத்துவான் என்று காத்திருந்தேன். "ஏன்யா?" என்று மட்டும் கேட்டான். "பொண்ணு பறிச்சது," என்றேன். அவன் தன் தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து வெளியே போனான்.

தலைவர் பொறுப்பை விட்டுவிட்டேன். என் பழமும், என்னைச் சுற்றி இருக்கிற நான்கு தோட்டத்துப் பழமும் இந்த வருடம் சாறு ஆலைக்குத்தான் போகும். கிளெமுடையதும் அதில் ஒன்று. வாசல் மரத்தை நானே வெட்டினேன். உன் மரத்துக்குத் தாய் இனி இல்லை. நிலவறைத் தரை முழுக்கப் பொடிக்கண் வலையால் மூடியிருக்கிறது. இரண்டு கோடை மூடியிருக்க வேண்டும். சில கூடுகள் முதல் வருடம் எழுந்துவராமல் இரண்டாம் குளிர்காலமும் தூங்கும்.

யூசெபியோ ஆற்றுக்குக் கீழே வேறு தோட்டத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். குழந்தையின் தொப்பியைக் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். ஏணியிலிருந்து இறங்காமலே கேட்டார்.

"ஒடிலியா ஒண்ணு கேக்கச் சொல்லுவா, முதலாளி. நானே கேட்டுடுறேன். அந்த ஒரு வார்த்த உங்களுக்கு அவ்ளோ கனமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நாங்க அதத் தூக்கிக்கிட்டுத்தான் இங்க வந்தோம்."

அடுத்த வருடம் வருவாரா என்று கேட்டேன். "அடுத்த வருஷம் அடுத்த வருஷம்தான்," என்றார். தொப்பியைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பறிக்கத் திரும்பினார்.

உன் பங்குப் பழியை எடுத்துக்கொள்ளாதே. நீ ஜன்னலில் நின்றாய். ஓட்டியது நான்.

ஆர்விட்


கிரேஸ் லாண்டிங்
1989 பிப்ரவரி 5

அன்புள்ள மாமாவுக்கு,

குளிர் எப்படி? நான் சௌக்கியம். கதவுக்குப் பின்னால் இருந்த சட்டையை எடுத்து மடித்து வைத்துவிட்டேன். கதவு இப்போது முழுதாகத் திறக்கிறது. முதல்முறை சுவரில் இடித்தபோது திடுக்கிட்டேன்.

மரத்துக்குத் தாய் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதில் நல்ல குச்சிகள் இருக்கின்றன. வெட்டி அனுப்பட்டுமா? குச்சியில் ஈ ஏறாதுதான். ஆனால் நீங்கள் கேட்காமல் எதையும் அந்தப் பக்கம் அனுப்பமாட்டேன்.

ஆகஸ்டில் அவள் என்ன கேட்டாள் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை. கட்டாயம் இல்லை.

வழுக்கலில் பார்த்து நடங்கள்.

வெண்டெல்


சில்வர்பெண்ட்
1989 ஆகஸ்டு 20

அன்புள்ள வெண்டெல்,

நீ நலமாக இருக்க வேண்டும். எனக்கு முழங்காலைத் தவிர எல்லாம் நலம். யூசெபியோ இந்த வருடம் வரவில்லை. ஒரு அட்டை அனுப்பியிருந்தார். குழந்தை நன்றாகப் பேசுகிறதாம்.

குச்சி வேண்டாம். வாசலில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

பதினெட்டு நாளைக்கு முன் நிலவறை வலைக்குள் ஒரு ஈ இருந்தது. ஒன்றே ஒன்று. இரண்டு குளிர்காலம் தூங்கிவிட்டு வந்தது. நீ எழுதியது போலவே இறக்கையைச் சிலந்தி மாதிரி ஆட்டிக்கொண்டு வலையின் அடியில் நடந்தது. லோர்னாவுக்கு ஃபோன் செய்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்தேன். அவள் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். மேரிட் பறித்த வாளியிலிருந்து உயிரோடு மிஞ்சியது அது மட்டும்தான். அந்த ஒரு மணி நேரமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டதும் நானே புட்டியில் பிடித்து மூடினேன். லோர்னாவின் கையால் வேண்டாம் என்று இருந்தது.

ஆகஸ்டில் அவள் பேசியதை எழுதுகிறேன். மறக்கவில்லை. ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"அப்பா, பழம் பழுத்திருச்சு. வாங்களேன்."

"அறுவடை தலைக்கு மேல இருக்கு. முடியட்டும். அக்டோபர்ல வர்றேன்."

"அக்டோபர்ல மரத்துல ஒண்ணும் இருக்காதுப்பா."

"எனக்காக என்னத்துக்குப் பாக்குற? நான்தான் அதத் தொடமாட்டேனே."

"பழம்தான்ப்பா அந்தப் பக்கம் வரக்கூடாது." சிரித்தாள். "நீங்க இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு எந்தப் பலகையும் சொல்லல. வந்து மரத்தடியில நின்னு சாப்பிட்டுட்டுப் போங்க. வாரியத்துக்கு நான் எழுதித் தர்றேன்."

"பாக்கலாம்," என்றேன்.

மருத்துவர் சொன்னதை அவள் சொல்லவில்லை. நான் உடம்பு எப்படி என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். இந்தக் கடிதங்களில் எல்லாம் உன்னிடம் முதல் வரியில் கேட்கிறேனே, அதை அன்று கேட்கவில்லை.

அவள் இருந்தபோது ஐந்து வருடம் அந்த மரம் காய்த்தது. ஐந்து வருடமும் அங்கே போக எனக்கு ஆறு மணி நேர ஓட்டம். வழி நெடுக ஒரு தடையும் இல்லை.

வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். அறுவடை இருக்கிறது, கிளெம் பார்த்துக்கொள்கிறேன் என்றான். மரத்தில் கைக்கு எட்டும் உயரத்தில் ஒன்றைப் பறிக்காமல் விட்டு வை. புழு இருந்தாலும் பரவாயில்லை, சுற்றி அறுத்துக்கொள்வேன். அந்த நாற்காலியைக் கீழே போட்டு வை.

திரும்பி வரும்போது என்னிடம் ஒன்றும் இருக்காது. பலகையிடம் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவேன்.

வேளைக்குச் சாப்பிடு.

மாமா